வயலும் விதையும்

பெண் வயல், ஆண் விதை என வகுத்தது மனுதர்மம். கருவுக்கு உருவும் இயக்கமும் தருபவன் ஆணே, பெண் அளிப்பது வெறும் பொருளே எனக் கற்பித்தார் கிரேக்கத்து அரிஸ்டோட்டில். நெடுங்காலம் உலகை ஆண்ட இக்கருத்தின் விளைவு யாது? பிள்ளை இல்லையெனில் பெண்மீது பழி. பெண்பிள்ளையே பிறந்தாலும் பெண்மீதே பழி. ‘மலடன்’ என்னும் சொல்லும் தமிழில் உண்டு. அஃது அகராதியில் உறங்க, ‘மலடி’ என்பதே வீட்டிலும் வீதியிலும் உலவுகின்றது.

இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் நெல் விளைவிக்கும் வன்னி உழவன், விதைநெல்லை நீரிலிட்டுப் பதரை நீக்கிய பின்னரே விதைக்கின்றான். விதையிலும் பழுதுண்டு என்பது அவனுக்குத் தெரியும். வயலில் தெளிந்த அவ்வறிவு வீட்டு வாசலில் நின்றுவிடுவது ஏன்?

விஞ்ஞானமும் இவ்வுண்மையை எளிதில் எய்தவில்லை. 1677இல் ஒல்லாந்தரான லீவன்ஹூக் நுணுக்குக்காட்டியில் விந்தணுக்களைக் கண்டார். அவ்வணுவினுள்ளே முழு மனிதனும் சிற்றுருவாய் ஒடுங்கியுள்ளான் என்று சிலர் கற்பனை செய்தனர். பாலூட்டியின் சூலைக் கண்டறிய மேலும் 150 ஆண்டுகள் சென்றன. 1827இல் வொன் பேயர் என்பார் நாயின் சூலகத்தை ஆராய்ந்து அதனைக் கண்டார். 1875இல் ஹேர்ட்விக், கடல்வாழ் உயிரொன்றின் முட்டையிலே ஆண், பெண் உட்கருக்கள் இரண்டும் ஒன்றாதலைக் கண்ணுற்றார். பெண்ணும் விதை தருபவளே என்பது அன்று உறுதியாயிற்று.

பெண்ணின் சூலகத்திலிருந்து பொதுவாக மாதம் ஒரு சூல் வெளிப்படுகின்றது. அது ஏறத்தாழ ஒருநாளே உயிர்த்திருக்கும். பலோப்பியன் குழாயில் அது விந்தணுவோடு கூடினால் கரு உண்டாகிறது. அக்கரு சில நாளில் கருப்பைச் சுவரிற் பதிகிறது. தாய் தருவன 23 நிறமூர்த்தங்கள். தந்தை தருவனவும் 23. குழந்தை ஆணா பெண்ணா என்பது விந்தணு கொணரும் நிறமூர்த்தத்தைப் பொறுத்தது. இதற்கு வழிகாட்டிய ஆய்வை 1905இல் வண்டினமொன்றிற் செய்தவர் நெற்றி ஸ்ரீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. குழந்தையின்மையிலும் ஏறத்தாழப் பாதியில் ஆணின் குறை தனித்தோ சேர்ந்தோ காரணமாகின்றது.

இவற்றைத் தமிழிற் சொல்ல இயலாது என்பாரும் உளர். ஆனையிறவுக்கு அப்பால் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ன செய்தார்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், 1857இலேயே மகப்பேற்று மருத்துவத்தைத் தமிழ் நூலாக்கினார். 1864இல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். 1872இல் மனித உடலமைப்பு நூலையும் தமிழில் வெளியிட்டார். ஆதலின் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. நமக்குத்தான் துணிவுப் பஞ்சம்.

இன்று சாதாரண தர விஞ்ஞான நூலில் மனித இனப்பெருக்கம் பாடமாக உள்ளது. ஆயினும் அப்பக்கம் வந்ததும் ‘வீட்டில் வாசியுங்கள்’ என்று கடந்துவிடும் ஆசிரியர் இன்றும் உளர். வீட்டிலோ அதைச் சொல்வாரில்லை. அவ்வகுப்பில் இருக்கும் மாணவி நாளை பழி சுமக்க நேரலாம். மாணவன் பழி சுமத்துவோனாகலாம். ஆசிரியத் தோழர்களே, அப்பக்கத்தை இருபாலாரும் கூடியுள்ள வகுப்பில் உரத்துப் படியுங்கள். வினாக்களுக்கு விடை கூறுங்கள். ஒரு பாடவேளை போதும்.