காமாலைக்கு அப்பால்: எடிசன் தமிழரும் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும்

மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் அன்று; அறிகுறி. கல்லீரலில் அழற்சி உண்டாக்கும் முதன்மை வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. ஏயும் ஈயும் அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவுகின்றன. கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்து, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே விலகுகின்றன. பியும் சியும் இரத்தத்தின் வழியே தொற்றுகின்றன. பி வைரஸ் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவாலும் பரவும். பி உள்ளவரிடம் மட்டுமே டி வைரஸ் பெருகும். இவை உடலில் தங்கிவிட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் வெளியே தெரியாமல் ஈரலைத் தழும்பாக்கி, சிரோசிஸிலோ கல்லீரல் புற்றுநோயிலோ கொண்டுவிடக்கூடும். தமிழ்ப் பேச்சுவழக்கில் முதல் வகைக்குக் காமாலை என்ற பெயர் உண்டு. கண் மஞ்சளாகாத இரண்டாம் வகைக்குப் பெயரே இல்லை. பெயரில்லாத நோய்க்கு யாரும் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. நியூ ஜெர்சியின் எடிசனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழருக்குத் தடுப்பூசியும் மருந்தும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. வாழ்வில் ஒருமுறை செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனைதான் விடுபட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரு நாடுகளுக்கும் இடையே விடுபட்ட தலைமுறை

பிலடெல்பியாவில் ஆய்வு செய்த பரூக் பிளம்பெர்க், பின்னர் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் என்று அறியப்பட்ட புரதத்தைப் பற்றி 1965இல் எழுதினார். 1976இல் நோபல் பரிசு பெற்றார். எடிசனுக்குச் சில மைல் தொலைவிலுள்ள ராவேயைத் தலைமையிடமாகக் கொண்ட மெர்க் நிறுவனத்தின் முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1981இலும், ஈஸ்ட் செல்களில் உருவாக்கிய மறுசேர்க்கைத் தடுப்பூசி 1986இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 1991 முதல் அமெரிக்காவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பரிந்துரைக்கப்பட்டது. இந்தியாவில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் உள்நாட்டிலேயே மறுசேர்க்கைத் தடுப்பூசியைத் தயாரித்து விலையைக் குறைத்தது. ஆயினும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது 2002-03இல் முன்னோட்டமாகவே நுழைந்தது. நாடு முழுவதும் எட்ட 2011-12 ஆயிற்று.

இந்த ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும். 1970, 80, 90களில் தமிழ்நாட்டில் பிறந்து, கணினிப் பணிக்காக நியூ ஜெர்சிக்கு வந்தவர்கள் இரு நாடுகளின் குழந்தைத் தடுப்பூசித் திட்டங்களுக்கும் வெளியே நின்றவர்கள். குடியேற்ற நடைமுறையும் இவர்களைக் கண்டறிவதில்லை. கிரீன் கார்டுக்கான மருத்துவச் சோதனையில் காசநோயும் சிஃபிலிஸும் தேடப்படுகின்றன. ஹெபடைடிஸ் பி இரத்தப் பரிசோதனை கட்டாயமில்லை.

தொற்றும் வயது இங்கே முக்கியம். பிறக்கும்போது தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. வயதுவந்தபின் தொற்றுவோரில் 5 விழுக்காட்டினருக்கும் குறைவாகவே அப்படி ஆகிறது. ஆகவே எடிசனில் நாற்பது வயதில் கண்டறியப்படும் நோய் பெரும்பாலும் ஊரில், மழலைப் பருவத்தில் தொற்றியதாகவே இருக்கும். இன்றைய ஒழுக்கத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. 2022 நிலவரப்படி உலகில் 25.4 கோடிப் பேரும் அவர்களுள் இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேரும் நாட்பட்ட பி தொற்றுடன் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது.

கீழாநெல்லியின் சான்று

காமாலைக்குக் கீழாநெல்லி என்ற நம்பிக்கை தமிழரிடம் ஆழமானது. அறிவியலும் அதைப் புறந்தள்ளாமல் சோதித்துப் பார்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பெர்க்குடன் இணைந்து 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி தரப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. போலிமருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த ஆய்வுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. நம்பிக்கை நிலைத்ததற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ஏ, ஈ வகைக் காமாலை தானே தணியும்போது அந்த வாரங்களில் அருந்திய சாற்றுக்குப் பெயர் போய்ச் சேர்கிறது. அதே நம்பிக்கையில் பி தொற்றுள்ளவர் காத்திருந்தால் இழப்பது பல ஆண்டுகளை.

பரிசோதனையும் அதன் பின்னும்

18 வயது நிறைந்த அனைவரும் வாழ்வில் ஒருமுறையேனும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் பரிந்துரைத்தது. மேற்பரப்பு ஆன்டிஜென், அதற்கான எதிர்ப்பொருள், வைரஸின் உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் ஆகிய மூன்றும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. முதலாவது இருந்தால் தொற்று இருக்கிறது. மூன்றும் இல்லையெனில் தடுப்பூசி தேவை. வழக்கமான மூன்று தவணை ஆறு மாதம் பிடிக்கும்; கலிபோர்னியாவின் டைனவாக்ஸ் உருவாக்கி 2017இல் ஒப்புதல் பெற்ற தடுப்பூசிக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணை. ஏற்கெனவே தொற்றியவருக்குத் தடுப்பூசியால் பலனில்லை. அதனால்தான் ஊசி மட்டும் போதாது, பரிசோதனையும் வேண்டும்.

தொற்றுள்ள எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படுவதில்லை. ஈரல் நொதி, வைரஸ் அளவு, தழும்பின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். 2005இல் ஒப்புதல் பெற்ற என்டெகாவிரும் 2008இல் பி வகைக்கு ஒப்புதல் பெற்ற டெனோஃபோவிரும் நாள்தோறும் ஒரு மாத்திரையில் வைரஸை அடக்கிவைக்கின்றன. ஈரல் செல்லின் உட்கருவில் வைரஸின் மரபுப்பொருள் தங்கிவிடுவதால் முழுக் குணம் அரிது. சி வகையில் நிலை நேர்மாறு: தடுப்பூசி இல்லை, குணம் உண்டு. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் ஃபார்மாசெட் கண்டுபிடித்த சோஃபோஸ்புவிர், அந்நிறுவனத்தை வாங்கிய கிலியடின் மருந்தாக 2013இல் வெளிவந்தது. 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்ற விலை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தபின் மலிவான வடிவங்கள் வந்தன.

மறைப்பும் உறவும்

கூட உண்பதாலோ, கைகொடுப்பதாலோ, ஒரே குவளையில் குடிப்பதாலோ பி பரவாது. இருந்தும் அச்சம் படித்தவரையும் விடவில்லை. நியூ ஜெர்சி மருத்துவ, பல்மருத்துவப் பல்கலைக்கழகம் பி தொற்றைக் காரணம் காட்டி இரு மாணவர்களின் சேர்க்கையை மறுத்தது. 2013இல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் உடன்பாடு கண்டது. இத்தொற்றைக் காட்டி ஒருவரை விலக்குவது பாகுபாடு என்பதை அந்த உடன்பாடு தெளிவாக்கியது.

கர்ப்பிணிகள் அனைவருக்கும் அமெரிக்காவில் இப்பரிசோதனை வழக்கமானது. தாய்க்குத் தொற்றிருந்தால், பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் தரப்படுகின்றன. வைரஸ் மிகுந்திருந்தால் கடைசி மாதங்களில் தாய்க்கு டெனோஃபோவிரும் சேர்கிறது. குழந்தை காக்கப்பட்டபின் அந்த முடிவு மருத்துவக் கோப்பிலேயே நின்றுவிடக் கூடாது. கணவரும், ஊரிலுள்ள தாயும், உடன்பிறந்தாரும் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள். 2018 ஜூலை 28இல் தொடங்கிய இந்தியாவின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எடிசனில் தெரியவரும் ஒரு முடிவு தொலைபேசியில் ஊருக்குச் சொல்லப்படுமானால், ஒரே தாய் வயிற்றில் பிறந்த மற்றவர்களின் ஈரலையும் காக்கும்.