விஷம் ஏறும் நேரம்

போன மாசம் எங்க புனே ஃப்ளாட்ல ஒரு சாவு. பதறாதீங்க, டைனிங் டேபிள் மேலதான் :-) பையன், மாடி வீட்டு மராத்திக்காரப் பசங்க ரெண்டு பேர், நான். ஆட்டம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நான் கதை சொல்லி நடத்தணும். அவங்க ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்தோட உயிருக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. பையனோட வீரனை ராட்சசச் சிலந்தி கடிச்சுது. பகடையில் 7. ஆள் காலி.

கண் கலங்கிக் கேட்டான்: "ஏம்ப்பா, கடிச்ச செகண்டே செத்துடுவாங்களா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகக்கூட டைம் கிடையாதா?"

நியாயமான கேள்வி. நான் வச்சிருந்தது 1981 பேசிக் விதிப்புத்தகம். அதன்படி புது வீரனுக்கு 20 முகப் பகடையில் 12க்குக் குறைஞ்சா மரணம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் ஆரம்பிச்ச ஆட்டம் இது. ரொம்ப காலம் விஷம்னா பெரும்பாலும் ஒரே வீச்சுதான். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு கொஞ்சம் இரங்கிச்சு. விஷம் உடல் வலுவையோ சுறுசுறுப்பையோ குறைக்கும், ஒரு நிமிஷம் கழிச்சு இன்னொரு அடி. ஆனா ஆட்டத்தில் ஒரு சுற்றுன்னா 6 விநாடி. பத்து சுற்று ஆகறதுக்குள்ள பெரும்பாலும் சண்டையே முடிஞ்சிருக்கும்!

பையனுக்கான பதில் 2008 நாலாம் பதிப்பில்தான் இருந்துது. (கைகாக்ஸ் அந்த வருஷம் மார்ச்சில் காலமானார், புத்தகம் ஜூனில் வந்தது.) தொடர்சேதம்னு வச்சுக்குவோம். விஷமோ நெருப்போ, உங்க முறை தொடங்கும்போது, உதாரணமா, 5 புள்ளி போகும். முறை முடியும்போது பகடை போடணும். 10 அல்லது அதுக்கு மேல விழுந்தா நின்னுடும், இல்லேன்னா அடுத்த முறையும் 5. ஒரே வகைச் சேதம் ரெண்டு சேர்ந்தா கூட்டக்கூடாது, பெரிசு மட்டும்தான் கணக்கு. முக்கியமான விஷயம், பக்கத்துல இருக்கற கூட்டாளி தன் சண்டையை விட்டுட்டு வைத்தியம் பார்த்து ஜெயிச்சா, கடிபட்டவனுக்கு உடனே இன்னொரு வீச்சு.

கம்ப்யூட்டர் கேம் மாதிரி இருக்குன்னு பலர் திட்டின பதிப்பு இது. 2014 ஐந்தாம் பதிப்பில் இந்தப் பொதுவிதியே இல்லை. 2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் இதோட சாயல் இருக்கு, ஆனா தப்பிக்க 15 வேணும். யாராவது சரியா உதவினா 10 போதும்.

நேத்து அதே வீரன், அதே சிலந்தி, 2008 விதி. பையனுக்கு மிச்சம் 3 புள்ளி. மாடி வீட்டுப் பொண்ணு தன் எதிரியை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தா. பையன் பகடையை அவகிட்டயே நீட்டினான், "நீயே போடு".

14.