புறஜாதியாரும் ஒரே உலையும்: திருச்சபையின் புறநோக்கு மாறிய வரலாறு

ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871 இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தில், யூதரல்லாதவரைச் சுட்ட ஒரு சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: ‘புறஜாதியார்’. 1995 இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே இடங்களில் ‘பிற இனத்தார்’ என்று எழுதுகிறது. ‘புறம்’ என்ற சொல் தனக்கு முன்பாகவே ஒரு சுவரைக் கட்டிவிடுகிறது. அதற்கு ஓர் உட்பக்கம் வேண்டும், அங்கே நின்று பார்க்கும் ஒருவரும் வேண்டும். ‘பிற’ என்பதற்கு வேறு என்ற பொருள் மட்டுமே. இந்த ஒற்றைச் சொல்மாற்றத்துக்குப் பின்னால் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு விவாதம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி இறையியல் நூல்களில் நடந்தது. ஆனால் அதைத் தீர்மானித்த கேள்வி யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான். இக்கட்டுரை அந்தத் தடத்தைப் பின்தொடர முயல்கிறது.

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவிடமே இரண்டு குரல்கள் கேட்கின்றன. 1713 இல் அவர் அச்சிட்ட தொடக்ககாலச் சிறுநூல்களுள் ஒன்றின் பெயர் ‘அக்கியானம்’. எதிரில் நிற்பவரை அறியாமையில் கிடப்பவர் என்று அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது. அதே ஆண்டில்தான் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றிய தம் விரிவான நூலை முடித்து, ஜெர்மனியில் தம் மிஷனை ஆதரித்த ஹாலே நகருக்கு அனுப்பினார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மனில் வெளியிடவும் வழிசெய்தார். தெய்வங்களைப் பற்றிய நூலை ஹாலே அச்சிடவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்பவா என்பது அங்கிருந்தவர்களின் நிலைப்பாடு. அது அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அச்சானதும் சென்னையில்தான். கேட்கத் தெரிந்த ஒரு மனிதரின் உழைப்பு நூற்றைம்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவர் உட்பக்கமும் வளர்ந்தது. சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று 1833 இல் பேராயர் டேனியல் வில்சன் மடல் எழுதியபோது தஞ்சைச் சபையில் கடும் எதிர்ப்பு மூண்டது. 1857 இல் நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனரிகளிடமிருந்து பிரிந்து இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். 1886 இல் சென்னையில் மருத்துவர் பல்னி ஆண்டி தேசியத் திருச்சபை கண்டார். இரண்டும் சிறிய முயற்சிகள். ஆனால் கிறிஸ்துவை ஏற்பது ஐரோப்பியக் கட்டுக்குள் வருவதாகாது என்று முதலில் சொன்னவர்கள் இவர்களே.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்களில் ஆசியர்கள் இருபதை எட்டவில்லை. அவர்களுள் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, அப்போது அவருக்கு வயது 35. உலகை இந்தத் தலைமுறைக்குள் சுவிசேஷத்தால் எட்டிவிடலாம் என்ற உற்சாகம் நிறைந்திருந்த அரங்கில், அவர் பேசியது வீட்டையும் சாப்பாட்டையும் பற்றி. பல்லாண்டு மிஷனரியோடு உழைத்தும் அவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டிராத இந்திய ஊழியர்கள் உண்டு; அவர்கள் வீட்டு வாசலை மிஷனரி மிதித்ததும் இல்லை. தியாகம் செய்தீர்கள், பொருள் தந்தீர்கள், இனி நட்பைத் தாருங்கள் என்று கேட்டு முடித்தார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றுள் இன்றும் நினைக்கப்படுவது அந்தப் பேச்சுதான். புறத்தாரை எட்டுவது எப்படி என்று கேட்டுக் கூடிய சபையிடம், உங்கள் உள்வீட்டில் நாங்கள் இன்னும் புறத்தார் என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டே ஆண்டில் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்.

அடுத்த திருப்பம் 1932 இல். ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாக்கிங் தலைமையில் அமெரிக்கப் பொதுநிலையினர் குழு ஒன்று ஆசிய மிஷன்களைப் பார்வையிட்டு அறிக்கை தந்தது. பிற சமயங்களை அகற்றுவது மிஷனின் வேலை இல்லை, அவற்றோடு சேர்ந்து உண்மையைத் தேடுவதே வேலை என்றது அது. மிஷன் சங்கங்கள் கொதித்தன. மறுமொழி எழுதும் பணி, ஜாவாவின் இஸ்லாமிய மறைஞானத்தை ஆய்ந்த டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமரிடம் வந்தது. மனிதர் கட்டிய எந்தச் சமயமும் கிறிஸ்துவில் வெளிப்பட்டதன் தொடர்ச்சியாகாது என்பது அவர் முடிவு. பிற சமயங்களை ஆழக் கற்ற ஒருவர் இதைச் சொன்னதால்தான் அதை எளிதில் தள்ள முடியவில்லை.

இவை எல்லாம் மோதிய இடம் தாம்பரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகருக்குள்ளிருந்து அங்கே குடிபெயர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, உலக மிஷனரி மாநாட்டுக்கு வந்த 69 நாடுகளின் 471 பேராளர்கள் சேலையூர் விடுதியிலும் மற்ற விடுதிகளிலும் தங்கினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் மிஷன் களங்களில் உருவான இளைய சபைகளைச் சேர்ந்தவர்கள். தம் நாடுகள் போரிட்டுக்கொண்டிருந்தபோதே ஜப்பானியரும் சீனரும் ஒரே வளாகத்தில் ஜெபித்தார்கள். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலியும் வந்திருந்தார்.

மாநாட்டை முன்னிட்டு அதே ஆண்டு சென்னையில் ஒரு நூல் வெளியாகியிருந்தது: இந்தியாவில் கிறிஸ்தவம் குறித்த மறுசிந்தனை. ஜோப், செஞ்சையா, சக்கரை, தேவசகாயம், ஏசுதாசன், எட்டி ஆசீர்வாதம், சுதரிசனம் என எழுவர் எழுதியது. இவர்களில் பாண்டிபெத்தி செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவருடைய மைத்துனர் வெங்கல் சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, பிறகு சென்னை மேயர். இருவரும் குருமார் இல்லை. அந்தச் சுதந்திரம் எழுத்தில் தெரிகிறது. செஞ்சையா கிரேமருக்கு நேரடியாகவே பதில் எழுதினார். கிறிஸ்து கொண்டுவந்தது இன்னொரு சமயம் இல்லை, மனிதகுலத்தில் ஒரு புதிய படைப்பு; சபை என்ற நிறுவனம் அதற்கு ஈடாகாது; இந்து தன் வீட்டில் இருந்தபடியே கிறிஸ்துவைப் பற்றிக்கொள்ளலாம் என்றார். இந்து மரபு அவருக்குப் புறம் இல்லை, தன்னைப் பெற்ற தாய். கும்பகோணத்து மாஸ்டர் சி.வி.வி.யின் யோகமும் அரவிந்தரின் சிந்தனையும் அவருடைய இறையியலுக்குள் வந்து சேர்ந்தன.

மாநாடு கிரேமர் பக்கமே சாய்ந்தது. ஆனால் மறுசிந்தனைக்காரர்கள் வெறும் ஏட்டில் நின்றுவிடவில்லை. எழுவரில் ஒருவரான ச. ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரெஸ்டர் பேட்டனும், இருவருமே மருத்துவர்கள், 1921 இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள். கதர் உடுத்து, மணம் செய்யாமல், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தார்கள். அங்குள்ள ஜெபாலயம் கோபுரமும் மண்டபமுமாகத் திராவிடக் கோயில் அமைப்பில் நிற்கிறது. வெள்ளையரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் சமமாக வாழ்ந்ததே அசரியா எடின்பரோவில் கேட்டதற்கான முதல் முழுமையான பதில் என்பேன்.

தாம்பரத்துக்குப் பின் காட்சிகள் விரைவாக மாறின. 1952 இல் வில்லிங்கனில் கூடிய மிஷனரி மாநாட்டில், மிஷன் என்பது சபையின் திட்டம் இல்லை, கடவுளின் செயல் என்ற கருத்து வலுப்பெற்றது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் உள்ள எதையும் கத்தோலிக்கம் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. பிரிட்டிஷ் மிஷனரி லெஸ்லி நியூபிகின் காஞ்சிபுரத்தில் இருந்த நாள்களில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து ஒருமுறை உபநிடதமும் மறுமுறை யோவான் நற்செய்தியும் படித்தார். அந்த மடத்தின் கூடத்தில் ஏசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. அதில் அவர் தம் வெற்றியைக் காணவில்லை. அங்கே ஏசு இந்து உலகப் பார்வைக்குள் அமைதியாக இடம்பெற்றுவிட்டார் என்றே கண்டார். கற்றுக்கொள்வதும் இணங்கிவிடுவதும் வேறுவேறு என்ற தெளிவோடு, 1974 இல் நாடு திரும்பியபின் இங்கிலாந்தே மிஷன் களம் என்று எழுதினார்.

மறுசிந்தனைக் குழுவின் மீது எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. அவர்கள் உரையாடிய இந்து மரபு வேதாந்தமும் யோகமும் அவதாரக் கொள்கையும்தான். அதே பத்தாண்டில் அசரியாவின் தோர்ணக்கல்லில் ஒடுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள் ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1935 இல் அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார். தன் வீட்டில் இருந்தபடியே கிறிஸ்துவை ஏற்கலாம் என்ற செஞ்சையாவின் சொல், ஊருக்குள் வீடே மறுக்கப்பட்டவருக்கு என்ன பொருள் தரும்? தாய்ச்சமயம் அவரைச் சேரியில் வைத்திருந்தது.

இந்தக் கேள்வியைச் சமையல் பானைக்குள் வைத்துக் கேட்டவர் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன். கர்நாடக ராகங்களும் மேல்நாட்டு மெட்டுகளும் ஆண்ட வழிபாட்டுக்குள் பறையையும் நாட்டார் மெட்டையும் கொண்டுவந்தார். ‘ஒரே உலை’ என்பது அவருடைய இறையியலின் மையம்: எல்லோரும் ஒரே உலையில் ஆக்கி ஒன்றாக உண்பது. நற்கருணையை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். பறையைத் தொட்டாலே தீட்டு என்று வளர்ந்த கிறித்தவர்கள் ஆலயத்துக்குள் அதன் அடியைக் கேட்டபோதுதான், புறத்தார் யார் என்ற கேள்வி அவர்களை நோக்கியே திரும்பியது.

1988 ஜனவரியில் தாம்பரம் மாநாட்டின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி அறிஞர்கள் அதே வளாகத்தில் மீண்டும் கூடினார்கள். 2011 இல் உலகத் திருச்சபை மாமன்றமும் வத்திக்கானும் உலக நற்செய்திக் கூட்டணியும் சேர்ந்து, சாட்சி பகர்வதில் வஞ்சனையும் வற்புறுத்தலும் கூடாது என்ற ஆவணத்தை வெளியிட்டன. இரண்டும் வேண்டியவையே. ஆனால் சாதிக்கொரு பகுதியாகச் சுவர் எழுப்பிப் பிரித்த கிறித்தவக் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் உண்டு. பிற சமயத்தாரோடு உரையாடக் குழு அமைக்கும் ஒவ்வொரு பேராயமும் மறைமாவட்டமும் முதலில் தன் எல்லைக்குள் உள்ள அந்தச் சுவர்களை எண்ணிப் பார்க்கட்டும், எண்ணியபின் இடிக்கட்டும்.