கப்பலின் மேனியில் ஒரு கோடு

இரும்புத் துண்டு அமிழ, இரும்புக் கப்பல் மிதப்பதேன் என்பதற்கு, கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே சிராக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் விடை வகுத்துவிட்டார்: காற்று நிறைந்த அகன்ற கலம், தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் ஆழம்வரை இறங்கி, அங்கே நின்றுவிடுகிறது. சரக்கு மிகுந்தால் ஆழமும் மிகும். அளவு கடந்தால் அலை மேல்தளத்தில் ஏறும். இதனை நன்கறிந்திருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கப்பல் முதலாளிகள் சிலர், பழுதுற்ற கலங்களில் மிகையாகப் பாரம் ஏற்றி, இன்ஷூரன்ஸ் பணத்தின் தைரியத்தில் அவற்றைக் கடலுக்கு அனுப்பிவந்தனர். மாலுமிகளின் உயிருக்கு இன்ஷூரன்ஸ் ஏது!

நிலக்கரி வியாபாரியும் டெர்பி தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினருமான சாமுவேல் பிளிம்சால், 1875-இல் அரசாங்கம் இக்கொடுமையைத் தடுப்பதற்கான மசோதாவைக் கைவிட்டபோது, சபையிலேயே கோபாவேசத்துடன் கர்ஜித்தார். மறு ஆண்டே, பாரம் ஏற்றிய கப்பல் எதுவரை அமிழலாம் என்று அதன் மேனியில் காட்டும் பாரக்கோடு சட்டமாயிற்று. ஆயினும் அதை எங்கே தீட்டுவது என்பது முதலாளியின் சித்தமாகவே விடப்பட்டதால், புகைபோக்கியின்மேல் கோடிட்ட கப்பல் தலைவர் ஒருவரைப் பற்றிய கதையும் வழங்குகிறது. கோட்டின் ஸ்தானத்தை 1890-ஆம் வருஷத்துச் சட்டமே நிர்ணயித்தது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமாதலால், ஆற்றுத் துறைமுகத்துள் நுழையும் கப்பல் சற்றே ஆழ்ந்து செல்லும். அதற்கெனத் தனிக்கோடும், உஷ்ணப் பிரதேசத்துக்கும் குளிர்காலத்துக்கும் வெவ்வேறு கோடுகளும் பிற்பாடு சேர்ந்தன.