புகைமூட்டத்தின் இரு சாட்சிகள்

செந்தூல் வட்டாரத்தின் வரலாறு இரயில்வே பட்டறையோடு பின்னிப் பிணைந்தது. நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில் அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர்களுக்குப் புகை புதியதன்று. இயந்திரங்களுக்கு வேண்டிய நிலக்கரி பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. நீராவி வண்டிகளும் மறைந்தன. பட்டறையும் பிற்காலத்தில் பத்து காஜாவுக்கு இடம்பெயர்ந்தது. அக்காலப் புகைக்கு உரியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. புகைபோக்கி கண்முன்னே நின்றது.

1997ஆம் ஆண்டு வந்த புகை வேறு வகையானது. கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்களும் செந்தூலுக்கு வடக்கேயுள்ள பத்துமலைக் குன்றும் மங்கின. ஆனால், புகைபோக்கி எங்கும் தென்படவில்லை. எல் நினோ விளைவித்த வறட்சியில் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காடுகளும் கரிச்சேற்று நிலங்களும் எரிந்தன. காற்று மாசுக் குறியீடு 300ஐக் கடந்தாலே அபாய நிலை எனப்படும். அவ்வாண்டு செப்டம்பரில் கூச்சிங்கில் அது 839ஐ எட்டியது. சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

இப்புகையின் பரப்பைக் காட்டிய முதன்மையான சாட்சி செயற்கைக்கோள் ஆகும். 1996இல் அமெரிக்கா ஏவிய கோள் ஒன்றில் ஓசோன் படலத்தை அளக்கும் கருவி இருந்தது. புகை புற ஊதாக் கதிர்களை விழுங்குவதால், அக்கருவியே 1997இன் புகைமூட்டத்தையும் வரைந்து காட்டியது. அடுத்து 1999இல் டெர்ராவும் 2002இல் அக்குவாவும் விண்ணேறின. வளிமண்டலத் துகள்கள் கதிரவன் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதை இவை நாள்தோறும் அளந்தன. இத்தடையை ஓர் எண்ணாகக் குறிப்பர். அவ்வெண் 1 ஆனால், உச்சியிலிருந்து நேராக வரும் ஒளிக்கற்றையில் ஏறத்தாழ 37 விழுக்காடு மட்டுமே சிதறாமல் நிலத்தை அடையும்.

எனினும், இச்சாட்சிக்குக் குறைகள் உண்டு. மேகம் சூழ்ந்தால் அது பார்வையை இழக்கும். நம் வானிலோ மேகம் இல்லாத நாள் அரிது. வானம் முழுவதிலுமுள்ள துகள்களின் மொத்தத்தையே அது கூறும். எத்துகள் சுமத்திராக் காட்டினது, எத்துகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் வாகனங்களது எனப் பிரித்துக் கூறாது.

அப்பணியைச் செய்வது இரண்டாம் சாட்சியாகிய தட்பவெப்பக் கணிப்பொறி மாதிரி. வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்றின் போக்கையும் மழையின் கழுவலையும் கணித்து, புகையை அதன் பிறப்பிடம் வரை பின்தொடர்வது இதன் இயல்பு. ஆனால், எவ்வளவு எரிந்தது என்பதை இதற்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கரிச்சேற்று நிலமோ மண்ணுக்கடியில் கனலாகவே எரிவது. மேலே அதன் புகையும் மேகமும் மூடிக்கொள்ளும். ஆகவே தீயின் அளவு குறைத்தே மதிப்பிடப்பட நேர்கிறது. உலக அளவில் தீப்புகையைக் கணக்கிட்ட ஐரோப்பிய ஆய்வொன்று 2012இல், மாதிரியின் விடை செயற்கைக்கோள் அளவோடு பொருந்த வேண்டுமாயின் புகையின் அளவை 3.4 மடங்காக்க வேண்டும் என்று கண்டது.

இரு சாட்சிகளையும் ஒருங்கே விசாரிக்கும் முயற்சிகளுள் இந்தியப் பெருங்கடல் ஆய்வு குறிப்பிடத்தக்கது. சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீரபத்திரன் இராமநாதன், பால் குருட்சனுடன் இணைந்து 1999இல் அதனை வழிநடத்தினார். செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு மாதிரியின் கணக்கைத் திருத்திக்கொண்டே செல்லும் முறை அவ்வாய்வில் கையாளப்பட்டது.

பின்னர் ஏரோகாம் என்னும் பன்னாட்டுக் கூட்டாய்வு, ஏறத்தாழ இருபது மாதிரிகளை ஒப்பிட்டு 2006இல் முடிவுகளை வெளியிட்டது. உலகச் சராசரி ஒளித்தடையை மாதிரிகள் 0.11 முதல் 0.14 வரை கணித்தன. நிலத்து ஒளிமானிகள் காட்டியது 0.135, செயற்கைக்கோள்கள் காட்டியது 0.15. ஒற்றுமை வியப்பூட்டியது. ஆயினும் உள்ளே நோக்கியபோது, அத்தொகையில் கரி எவ்வளவு, தூசி எவ்வளவு, கந்தகத் துகள் எவ்வளவு என்பதில் மாதிரிக்கு மாதிரி பெரும் வேறுபாடு இருந்தது. ஒன்றன் மிகையும் மற்றொன்றன் குறையும் ஈடாகி விடை சரியாகத் தோன்றியது. வழிமுறை தவறாயிருந்தும் விடை பொருந்திவிட்ட மாணவனின் கணக்கைக் கண்ட ஆசிரியர்க்கு இது விளங்கும்.

இவ்விசாரணை ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. எல்லை கடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டுக்கான ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூன் 10ஆம் நாள் கோலாலம்பூரிலேயே கையெழுத்தானது. இந்தோனேசியா அதனை ஏற்று உறுதிப்படுத்தியது 2014இல்தான். இடையில், 2005 ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013இல் மூவாரும் லேடாங்கும் அந்நிலையை எய்தின. ஒரு நாடு மற்றொரு நாட்டை நோக்கி, இப்புகை உம்முடையது என்று கூற வேண்டுமாயின், கண்ட சாட்சி மட்டும் போதாது. தடம் அறிந்த சாட்சியும் வேண்டும். நம் வாகனங்களும் ஆலைகளும் சேர்த்த பங்கை மறைக்காமல் கூறுவதற்கும் அதுவே வழி.

இரு சாட்சிகளும் முரண்படும் இடத்திலேயே அறிவு வளர்ந்திருக்கிறது. பட்டறைப் புகையின் உரிமையாளரைச் செந்தூல் மக்கள் கண்ணால் அறிந்தனர். கண்ணுக்கெட்டாத புகைபோக்கியைக் காட்டுவதற்கோ, இவ்விரு சாட்சிகளின் பொறுமையான ஒப்பீடே துணையாகிறது.