எக்ஸ் பார்ட்டே

எக்ஸ் பார்ட்டே என்பது, வழக்கின் இரு தரப்பாருள் ஒருவரை மட்டும் கேட்டு நீதிமன்றம் நடத்தும் விசாரணையையும், அதன் முடிவில் பிறப்பிக்கும் உத்தரவையும் குறிக்கும் லத்தீன் சட்டச் சொற்றொடராகும். 'ஒரு தரப்பிலிருந்து' என்பது அதன் நேர்ப்பொருள். இரு தரப்பாரும் முன்னிலையாகி வாதிடும் விசாரணைக்கு இன்டர் பார்ட்டெஸ் என்றும், குற்றவியலில் எதிரி இல்லாமலே நடைபெறும் விசாரணைக்கு இன் ஆப்சென்ஷியா என்றும் பெயர். 'மறுதரப்பையும் கேள்' எனப் பணிக்கும் ஆடி ஆல்ட்டெரம் பார்ட்டெம் என்னும் கோட்பாடே இயற்கை நீதியின் மூலாதாரங்களுள் ஒன்றாதலின், ஒருதரப்பு விசாரணை அவசியத்தை முன்னிட்டு அனுமதிக்கப்பட்ட விலக்கேயன்றி விதியாகாது.

இச்சொற்றொடர் நடைமுறையில் இருவேறு நிலைமைகளைச் சுட்டும். முதலாவது, அழைத்தும் வாராமை. சம்மன் முறைப்படி சார்வு செய்யப்பட்டிருந்தும், விசாரணை நாளன்று டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பிரதிவாதி ஆஜராகாவிடில், 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 6இன்படி இந்திய நீதிமன்றங்கள் வழக்கை ஒருதரப்பாக விசாரிக்கலாம். தமிழகத்துக் கட்சிக்காரர்கள் 'எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது' என்று கவலையோடு சொல்வது இதனையே. ஆயினும் பிரதிவாதி வாராமை வாதியின் கோரிக்கைக்கு அத்தாட்சியாகிவிடாது; வாதி தம் வழக்கைச் சாட்சியத்தாலும் ஆவணங்களாலும் மெய்ப்பித்தாகவே வேண்டும். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றோ, போதிய காரணத்தால் வர இயலவில்லை என்றோ பிரதிவாதி நிறுவுவாராயின், விதி 13இன் கீழ் ஒருதரப்புத் தீர்ப்பாணை ரத்து செய்யப்படும். அதற்குரிய மனுவைத் தாக்கல் செய்யும் காலவரம்பு பொதுவாக 30 நாள். ஒருமுறை வாராதவர் அதனாலேயே பிந்திய விசாரணையில் கலந்துகொள்ளும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்று, சங்கிராம் சிங் வழக்கில் 1955இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது.

இரண்டாவது நிலைமை, அழையாமலே கேட்டல். பிணக்கிலுள்ள கட்டடத்தை எதிர்த்தரப்பார் மறுநாளே இடித்துவிடக் கூடுமென்னும்போது, அறிவிப்பு அனுப்பிக் காத்திருப்பது நிவாரணத்தையே வீணாக்கிவிடும். அத்தகைய சந்தர்ப்பத்தில் கட்டளை 39, விதி 3 ஒருதரப்பு இடைக்காலத் தடையாணைக்கு இடமளிக்கிறது. ஆனால் அவ்வாறு வழங்குவதன் காரணத்தை நீதிபதி எழுத்தில் பதிவு செய்தல் வேண்டும். மனுவின் நகலையும் பிரமாணப் பத்திரத்தின் நகலையும் எதிர்த்தரப்பாருக்கு மனுதாரர் உடனே சேர்ப்பித்தல் வேண்டும். மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயலவும் வேண்டும். தமக்கு எதிராக இத்தகைய மனு வரக்கூடுமென அஞ்சுபவர், 148அ பிரிவின்படி முன்கூட்டியே கேவியட் தாக்கல் செய்து, 90 நாள் வரை தம்மைக் கேளாது உத்தரவிடாதபடி காத்துக்கொள்ளலாம்.

எதிர்த்துப் பேசுவார் இல்லாத மன்றத்தில் மனுதாரரின் கடமை இருமடங்காகிறது. தமக்குச் சாதகமற்ற செய்திகளையும் அவரே எடுத்துரைத்தாக வேண்டும். பொலிஞ்யாக் இளவரசியின் வழக்கில் 1917இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்திய இந்நெறியின்படி, முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற உத்தரவு ரத்தாகும் தன்மையது. அந்நாட்டின் உரிமையியல் நடைமுறை விதிகள் 1999 முதல் லத்தீன் சொல்லை விடுத்து 'அறிவிப்பின்றி' என்னும் எளிய வழக்கை மேற்கொண்டன. மறைக்காமல் உரைக்கும் கடமையோ சிறிதும் தளர்த்தப்படவில்லை.