‘ஸ்விஃப்ட்’னு சொன்னா போதுமா பாஸ்? பழைய கார் வாங்கும் முன் இன்ஜினையும் டெம்பரேச்சர் முள்ளையும் படிக்கக் கத்துக்கோங்க!

‘ஸ்விஃப்ட், சிங்கிள் ஓனர், ஏசி சில்லிங், கண்டிஷன் சூப்பர்!’ யூஸ்டு கார் விளம்பரம் பார்க்கிற எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம் ஆகியிருக்கும். இதில் காரின் பெயர் இருக்கிறது, ஏசி எப்படி இருக்குனுகூட இருக்கிறது. பானெட்டுக்குள்ள எந்த இன்ஜின் ஓடுது, அது எவ்வளவு சூட்டில் ஓடுது என்கிற விஷயம் மட்டும் இல்லை. நீங்கள் சேர்த்து வைத்த காசில் முதல் கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், நீங்க கேட்க வேண்டிய முதல் ரெண்டு கேள்வியே அதுதான்.

பெயரை வைத்து இன்ஜினைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியாது. ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கோங்க. 2005-ல் இந்தியாவுக்கு வந்தபோது அதில் இருந்தது 1,298 சிசி பெட்ரோல் இன்ஜின். 2007-ல் 1,248 சிசி டீசல் சேர்ந்தது. 2010-ல் பழைய பெட்ரோல் இன்ஜின் போய், 1,197 சிசி கே12எம் வந்தது. 2021-ல் அதன் இடத்துக்கு கே12என் வந்தது. 2024-ல் புது ஸ்விஃப்ட்டோடு இசட்12இ வந்தது. இதில் வேடிக்கை என்னன்னா, கடைசி மூணு பெட்ரோல் இன்ஜின்களுமே 1,197 சிசிதான்! ஆனால் முதல் இரண்டுக்கு நான்கு சிலிண்டர், கடைசி இன்ஜினுக்கு மூன்று. கே12என்-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள். அதனால, ‘1.2 பெட்ரோல் சார்’னு ஒருத்தர் சொன்னா, அது பாதி பதில்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் ‘1.2 ஸ்விஃப்ட்’ என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் திரும்ப உங்களைத்தான் கேள்வி கேட்பார்.

டீசல் கதை இன்னும் சுவாரஸ்யம். மாருதியில் அந்த 1.3 லிட்டர் இன்ஜினுக்குப் பெயர் டிடிஐஎஸ். டாடாவின் இண்டிகா விஸ்டா, மான்ஸாவில் அதே இன்ஜினுக்குப் பெயர் குவாட்ராஜெட். ஃபியட் புன்டோ, லீனியாவில் மல்டிஜெட். மூன்றுமே ஃபியட் வடிவமைத்த ஒரே இன்ஜின். இதை ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்று ஆட்டோமொபைல் ஆட்கள் கிண்டலாகச் சொன்னதும் உண்டு. உங்களுக்கு இதில் என்ன லாபம்னா, இந்த இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் கிடைப்பார். ஆனால் ஒரு எச்சரிக்கை. இதே 1,248 சிசி-யில் 75 பிஎஸ் பவர் தரும் வெர்ஷனும் உண்டு, 90 பிஎஸ் தரும் வெர்ஷனும் உண்டு. ஸ்விஃப்ட்டில் இருப்பது முதலாவது. எர்டிகா, சியாஸில் வந்தது இரண்டாவது. இரண்டுக்கும் டர்போ ஒன்றல்ல. டர்போ போனால் செலவும் ஒன்றாக இருக்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, இன்று நீங்கள் பார்க்கும் எந்த டீசல் ஸ்விஃப்ட்டும் அதற்கு முந்தையதுதான்.

ஆர்.சி-யும் இன்ஜினும் ஒண்ணா பேசுதா?

இன்ஜின் மேல இருக்கிற பிளாஸ்டிக் கவரில் என்ன எழுதியிருக்குன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. அது கிளிப்பில் மாட்டியிருக்கும் மூடி. யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஆர்.சி-யை வாங்கிப் பாருங்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள், சிசி, சிலிண்டர் எண்ணிக்கை, தயாரித்த மாதம், வருடம் எல்லாம் அதில் இருக்கும். இன்ஜின் நம்பரின் தொடக்க எழுத்துகள்தான் ரொம்ப முக்கியம். மாருதியில் இன்ஜினின் குடும்பப் பெயரே அந்த எழுத்துகளில் இருக்கும். கே12எம் என்று ஆரம்பித்தால் பழைய 1.2 பெட்ரோல், டி13ஏ என்று ஆரம்பித்தால் 1.3 டீசல்.

அடுத்து ஒரு டார்ச், ஒரு பழைய துணி, உங்கள் போன் கேமரா. இது போதும். இன்ஜின் நம்பர் ஸ்டிக்கராக இருக்காது. இன்ஜின் பிளாக்கின் உலோகத்திலேயே அடித்திருப்பார்கள். பெரும்பாலும் கியர்பாக்ஸோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போய் இருக்கும். துடைத்துவிட்டு போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழம், ஒரே வரிசையில் இருக்கணும். அந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் போட்ட மாதிரி கீறல் இருந்தாலோ, ஆர்.சி-யோடு ஓர் எழுத்து ஒத்துப்போகவில்லை என்றாலோ, பேரம் பேசவே வேண்டாம், கிளம்பிடுங்க. 17 இலக்க சேஸிஸ் நம்பரையும் இதேபோல ஒப்பிட்டுப் பார்க்கணும். மாருதி என்றால் அது பெரும்பாலும் எம்ஏ3 என்று தொடங்கும். எம்பரிவாகன் ஆப்பிலும் வண்டி விவரங்களைப் பார்க்கலாம். ஆனால் ஒரிஜினல் ஆர்.சி-யைப் பார்ப்பதற்கு அது மாற்று இல்லை.

இன்ஜின் மாறியிருந்தாலே திருட்டு வண்டினு அர்த்தமில்லை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! தண்ணீர் உள்ளே போன இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அப்புறம் இன்ஜினையே மாற்ற வேண்டியதுதான். ஓவர்ஹீட் ஆகி சீஸ் ஆன வண்டிக்கும் இதே கதி. அப்படி மாற்றினால் ஆர்.டி.ஓ-வில் தெரிவித்து ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசுவது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு. விற்கிறவர், ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி’ என்றால், அந்த ‘அப்புறம்’ உங்கள் தலையில்தான் விடியும். பெயர் மாற்றும்போதும் சரி, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் செய்யும்போதும் சரி, நம்பர் ஒத்துப்போகாத வண்டிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எவ்வளவு சூடு நார்மல்?

பெரும்பாலான கார்களில் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கூலன்ட்டின் வெப்பம் 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ‘100 டிகிரியில் தண்ணி கொதிச்சிடுமே?’ நியாயமான சந்தேகம். உங்க வீட்டு குக்கரை நினைச்சுக்கோங்க. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட் மாதிரிதான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அதனால் சாதாரண தண்ணீரே 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்கக் கூடாதுனு சொல்றதும் இதனால்தான். கொதிக்கும் குக்கரை யாராவது திறப்பாங்களா?

இந்த வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட் என்கிற சின்ன வால்வு. இன்ஜின் சில்லென்று இருக்கும்போது மூடியிருக்கும். பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பித்து, கூலன்ட்டை ரேடியேட்டருக்கு அனுப்பும். டிராஃபிக்கில் நிற்கும்போது எதிர்க்காற்று கிடையாது. வெப்பம் 95, 100 என்று ஏறும்போது ஃபேன் தானாக ஓடி, கொஞ்சம் இறக்கிவிட்டு நிற்கும். கத்திப்பாரா டிராஃபிக்கில் ‘உர்ர்’னு ஒரு சத்தம் வந்து அடங்கினால் பயப்படாதீங்க. அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பலாமா? பல கார்களில் அந்த முள் ஒரு சாதுவான பொய்யர். 80 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 100-லும் நடுவிலேயே நிற்கும். லேசாக ஆடினாலே ஓட்டுநர் பதறுவார் என்று கம்பெனிகளே அப்படி அமைத்திருக்கின்றன. ஆகவே, முள் நடுக்கோட்டைத் தாண்டி நகர ஆரம்பித்தால், விஷயம் ஏற்கெனவே கைமீறத் தொடங்கிவிட்டது. சில சின்ன கார்களில் முள்ளே கிடையாது. சில்லென்று இருக்கும்போது நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சரியான எண் தெரிய வேண்டும் என்றால், ஓபிடி புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் போர்ட்டில் செருகி, போனிலேயே பார்க்கலாம். பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்களில் பெரும்பாலும் வேலை செய்யும். கார் தேடும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால்கூடப் போதும்.

இப்போ கார் பார்க்கப் போறீங்க. காலையிலேயே போங்க. ‘நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே’ என்று முந்தின நாளே சொல்லிடுங்க. போனதும் பானெட் மேல் கை வையுங்க. சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியை உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சில்லென்று இருந்தால் கூலன்ட் டேங்கைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கணும். கலர் பச்சை, சிவப்பு, நீலம் எதுவாகவும் இருக்கலாம். துருப்பிடித்த செம்மண் தண்ணி மாதிரி இருந்தால், பல நாளாகக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் அதிகமான காபி நிறத்தில் கொழகொழவென இருந்தால், கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த கேஸ்கெட் சின்ன பார்ட்தான். ஆனால் அதை மாற்ற இன்ஜின் ஹெட்டையே கழற்றி, வளைந்திருந்தால் லேத்தில் சமன் செய்யணும். பில் எகிறுவது அங்கேதான்.

பிறகு ஸ்டார்ட் செய்து, ஏசி போடாமல் ஐடிலிங்கில் விடுங்க. ஏசி போட்டால் ஃபேனும் கூடவே ஓடும் என்பதால், ஃபேன் தானாக ஓடுதான்னு தெரியாமல் போய்விடும். பெட்ரோல் கார் என்றால் கால் மணி நேரம், இருபது நிமிஷம் பொறுமையாக நில்லுங்கள். ஃபேன் ஓடி, நின்று, மறுபடி ஓட வேண்டும். டீசல் மெதுவாகத்தான் சூடாகும், அதை ஓட்டித்தான் பார்க்கணும். சாவியைத் திருப்பிய நொடியிலிருந்து ஃபேன் நிற்காமல் ஓடினால், யாரோ நேரடியாக ஒயர் இழுத்திருக்கிறார்கள். எதற்காக என்று கேளுங்கள்.

இன்னொரு தந்திரம்தான் பலரும் ஏமாறும் இடம். ஓவர்ஹீட் ஆகும் வண்டியில் காரணத்தைத் தேடாமல், தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். முள் கீழேயே கிடக்கும். பார்க்கிறவருக்கு ‘அட, சூடே ஆகலையே!’னு சந்தோஷம். ஆனால் இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து, கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயில் கெடும், தேய்மானம் கூடும். சென்னை வெயிலில் இருபது நிமிஷம் ஓட்டியும் முள் நடுவுக்கு வரவில்லை என்றாலோ, ஹைவேயில் வேகம் எடுத்ததும் கீழே இறங்கினாலோ, தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. சூடு கம்மியாக இருப்பதும் நோய்தான்.

ஏசி போட்டு டிராஃபிக்கில் ஒரு சுற்று, ஏதாவது மேம்பாலம் அல்லது மேடு, பிறகு கொஞ்சம் ஹைவே என்று அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைவிட நல்ல டெஸ்ட் கிடையாது. டாங்கிளில் 105-ஐத் தாண்டி இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, முள் சிவப்பை நோக்கிப் போனாலோ, ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் செய்யுங்க. பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றிவிடாதீங்க, ஹெட் விரிசல் விடும். ஆறட்டும். அப்புறம் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துட்டு, அடுத்த காரைப் பாருங்க.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிட்டீங்களா? முதல் சர்வீஸிலேயே கூலன்ட்டை முழுசாக மாற்றிடுங்க. உள்ளே என்ன ஊற்றியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. வேறு வேறு வகைகளைக் கலந்தால் சிலது திரிந்துபோய் அடைத்துக்கொள்ளும். ஓனர் மேனுவலில் சொல்லியிருக்கும் வகை எதுவோ, அதையே கேட்டு வாங்குங்க.